விளம்பரத்துக்கு ஆறு ஸ்பூன்

ஆறு இருபத்தைந்துக்கெல்லாம் சுப்பையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். முதுகுக்குத் தலையணை, இடப் பக்கம் சரியாமல் இருக்க மடித்த போர்வை, கழுத்தில் துண்டு, வலது கையில் ரிமோட். மனைவி விசாலாக்ஷி மசித்த சாதக் கிண்ணத்தோடு இடப் பக்கத்து ஸ்டூலில் இருப்பார். ஆறரைக்குக் கார்ட்டூன் தொடங்கும். கிண்ணத்தை யாரும் தொட மாட்டார்கள். எட்டு நிமிஷம் கழித்துச் சோப்பு விளம்பரம் வந்ததும் சுப்பையா சத்தத்தை அடைத்துவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்து, ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி நீட்டி ஒரு சுழற்றுச் சுழற்றுவார். ஸ்பூன் வரலாம் என்று அதற்கு அர்த்தம்.

முப்பத்தோரு வருஷம் புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். மேலே கூண்டில் இவர், கீழே கைஜாடை காட்ட ஓர் ஆள். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரல் கீழே சுழன்றால் இறக்கு, மேலே சுழன்றால் ஏற்று, முஷ்டி மடக்கினால் நிறுத்து. "அம்புட்டு வருசமும் கீழ நிக்கவன் காட்டுனதுக்கு நான் ஆடுனேன். இப்ப நான் காட்டுதேன், இவ ஆடுதா," என்பார். பேச்சு குழறித்தான் வரும். இங்கே நான் எழுதுவது குழறலை நீக்கியது. கிண்டலில் குழறல் கிடையாது.

வயது அறுபத்தொன்பது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இடது காலும் கையும் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. திரும்பாமல் அடம் பிடித்தது தொண்டை. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் மூக்கில் குழாய் வைத்து ஊட்டினார்கள். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது என்னைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் விழுங்கும் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. அவரை எடை பார்த்தேன். எழுபத்தொரு கிலோ இருந்தவர் அறுபத்திரண்டுக்கு வந்திருந்தார். அறுபதுக்குக் கீழே போனால் மறுபடி குழாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுப்பையாவுக்கு எடை ஒரு பொருட்டில்லை. அவர் கவலை காப்பியைப் பற்றி. தண்ணீர் போல ஓடுகிற எதுவும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்பதால், குடிப்பதில் எல்லாம் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். காப்பியும் அப்படியே. முதல் நாள் ஒரு வாய் வாங்கியதும் ஸ்பூனை விலக்கினார். "இத வச்சு தேஹு ரோடு ஸ்டேசன் பூரா போஸ்டர் ஒட்டலாம்," என்றார்.

சாப்பாட்டுக்கு நான் வைத்த சட்டங்கள் எல்லா வீட்டிலும் வைப்பவை. நேராக உட்கார வேண்டும். சின்ன ஸ்பூன். தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்க வேண்டும். பலவீனமான கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேச்சு கூடாது, டிவி கூடாது. கடைசிச் சட்டத்தில்தான் தகராறு வந்தது. இந்த வீட்டில் முப்பது வருஷமாக டிவிக்கு முன்னால்தான் தட்டு வைக்கிறார்கள். அதை அணைத்ததும் வீடு விசாரணை நடக்கிற அறை போல ஆகிவிட்டது. விசாலாக்ஷி கண் கொட்டாமல் கணவரின் தொண்டைக்குமிழையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஏறி இறங்கினால்தான் அவருக்கு மூச்சு வரும். நாலு ஸ்பூன் ஆனதும் சுப்பையா முஷ்டியை மடக்கிவிடுவார். "இப்படி முழிச்சுப் பாத்தா சோறு எறங்குமா சிஸ்டர்? சோத்துக்கே கூச்சமா இருக்காதா?"

விளம்பர ஏற்பாடு அவரே கண்டுபிடித்தது. கார்ட்டூன் ஓடும்போது வாய் காலியாக இருக்கும், சிரித்துக்கொள்ளலாம். விளம்பரம் வந்தால் சத்தம் கிடையாது, சிரிப்பு கிடையாது, ஆறு ஸ்பூன். நிகழ்ச்சி திரும்பும் முன் வாயைத் திறந்து காட்டிவிடுவார். அடுத்தடுத்து இரண்டு எபிசோட், ஆறு இடைவேளை, முப்பத்தாறு ஸ்பூன். நான் யோசித்துப் பார்த்தேன். என் சட்டம் எதுவும் உடையவில்லை. சரி என்றேன்.

கார்ட்டூன் ஹிந்தியில் வருவது. பெரிய மீசை வைத்த ஒரு தபால்காரர், பஸ் ஓட்டுகிற மனைவி, மூன்றாம் வகுப்புப் பையன், எப்போதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிற மாமியார். சுப்பையா தபால்காரரை 'மீசை' என்றுதான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போல. "இன்னைக்கு மீசை கூரைல ஏறுதான். வெளங்குனாப்பலதான்."

குழந்தைகள் பார்க்கிற படத்தில் இவருக்கு என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் கேட்டேன்.

"இவ பாக்க சீரியல்ல ஒருத்தி பால்ல வெசம் கலக்குததுக்கு மூணு வாரம் எடுக்கா," என்று மனைவியைக் காட்டினார். "இதுல பாருங்க, அரை மணி நேரத்துல வீடு எரிஞ்சு, தபாலாபீசு இடிஞ்சு, மாமியா கோவிச்சுப் போயி, திரும்பி வந்து, எல்லாரும் உக்காந்து பஜ்ஜி திங்காங்க. நாளைக்குப் பாத்தா வீடு புதுசா நிக்கு. சிமெண்டு வாங்குனவன் யாருன்னு கேக்கப்படாது."

"பொய்தானே?"

"பொய்தான். நல்ல பொய்யி. எங்க மக தேஜூ எட்டாங்கிளாஸ் படிக்கையில இந்தப் பய மூணாங்கிளாஸ். தேஜூ படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணம் கட்டி ஹடப்சர் போயாச்சு. இவன் இன்னும் மூணாங்கிளாஸ். சின்ன வயசுல அவளுக்கு வாங்குன சைக்கிள் துரு பிடிச்சுக் கெடக்கு. இவன் சைக்கிள் பாருங்க, மின்னுது."

சிரித்தால் நோய் போய்விடும் என்று வாட்ஸப்பில் வருவதை நான் நம்புவதில்லை. வாயில் சோறோடு சிரித்தால் புரையேறும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கை கால் விழுந்த ஒரு மனிதர், மாடியிலிருந்து விழுந்து தட்டையாகி, உடம்பை உதறிக்கொண்டு எழுந்து தபால் பையைத் தூக்குகிற ஒருவரைத் தினமும் பார்க்க விரும்பினால் அதில் தப்பும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் மீசை ஒரு முழுத் தர்பூசணியை ஒரே வாயில் விழுங்கிவிட்டுச் சைக்கிள் ஏறிப் போனார். சுப்பையா வெகுநேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு மூச்சுக் கொழாய் வரைய மறந்துட்டாங்க போல, சிஸ்டர்."

ஆறு வாரத்தில் எடை அறுபத்து மூன்றரைக்கு ஏறியது.

அப்போதுதான் மகள் தேஜஸ்வினி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹடப்சரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். பாசமான பெண். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டித் தடவித்தான் வரும். வந்தவுடன் அப்பாவின் டிவியில் என்னவோ செய்தாள். "பஸ், போதும்ப்பா. இனிமே ஒரு விளம்பரம்கூட வராது. மீசை ஃபுல்லா, நான்ஸ்டாப். பூரா ஒரு வருஷத்துக்குப் பைசா கட்டியாச்சு."

நான் அன்றைக்குச் சற்றுத் தாமதமாகப் போனேன். போகும்போது மணி ஏழு. கார்ட்டூன் அரை மணி நேரமாக இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் சாதம் ஆறி ஏடு கட்டியிருந்தது. சுப்பையாவின் விரல் தயாராகக் காத்திருந்தது. இறக்கு என்று சொல்ல இடமே வரவில்லை.

"நிறுத்தி வச்சுச் சாப்பிடுங்கப்பா, பாஸ் பட்டன் இருக்குல்ல?" என்றாள் தேஜஸ்வினி.

"லோடு அந்தரத்துல தொங்கையில நிறுத்திட்டு டீ குடிக்கப் போகக் கூடாதுட்டீ. மொதல்ல எறக்கணும்," என்றார் அவர். பாதிச் சிரிப்பில் படத்தை நிறுத்துவது அவருக்கு அப்படித்தான். கிரேன்காரரின் ஒழுக்கம்.

விசாலாக்ஷிக்கு நேரமாகிறதே என்று பதற்றம். படம் ஓடும்போதே ஒரு ஸ்பூனை வாயில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாமியாரின் பெட்டி திறந்து, உள்ளேயிருந்து மீசை எழுந்தார்.

சுப்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே புரையேறியது. முகம் கறுத்தது. விசாலாக்ஷியின் கை தானாக அவர் உச்சந்தலைக்குப் போயிற்று. புரையேறினால் தலையைத் தட்டி யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரை முன்னால் சாய்த்தேன். "இருமுங்க. இன்னும். இன்னும் பலமா." நாலாவது இருமலில் சாதம் துண்டில் விழுந்தது. மூச்சு வந்தது. "ஆ சொல்லுங்க," என்றேன். குரல் ஈரமாக இருந்தது, தொண்டையில் இன்னும் மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு தடவை இருமச் சொன்ன பிறகு தெளிந்தது.

தேஜஸ்வினி சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் நல்லதுக்குத்தான்..." என்றாள். நல்லதுக்குத்தான் என்று எனக்கும் தெரியும். போய்த் துண்டை அலசிக்கொண்டு வா என்றேன். அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுப்பதுதான் ஆறுதல்.

சாதம் நுரையீரலுக்குள் போயிருந்தால் மூன்று நாளில் காய்ச்சல் வரும். தினமும் இரண்டு வேளை பார்த்தேன். வரவில்லை. ஆனால் விசாலாக்ஷி டிவியின் ஒயரைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கணவர் முஷ்டியைப் பூட்டிக்கொண்டார். நாளுக்குப் பத்து ஸ்பூன் போனால் அதிகம். வாரக் கடைசியில் எடை அறுபத்தொன்று. தொண்டைப் பரிசோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதில் தேறினால் பொடி கலக்காத காப்பி. அறுபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் பரிசோதனையே கிடையாது, நேரே குழாய்.

ஒயரை எடுத்து மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி தீர்த்துக்கொள்ள வேண்டியது. அந்தச் சனிக்கிழமை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

"ஒங்களுக்குச் சிரிப்பு வேணுமா, உசுரு வேணுமா? ஒண்ணு சொல்லுங்க," என்றார் விசாலாக்ஷி.

"ரெண்டும் வேணும். தனித்தனியா வேணும்," என்றார் சுப்பையா. "சேத்துக் குடுத்தது நீயில்லா?"

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்களைச் சற்றுப் பலமாக அடுக்கினார். பிறகு பீரோவைத் திறந்தார். தேஜஸ்வினிக்கு ஃபோன் போட்டு, பழைய சேனல் வருகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார். "விளம்பரம் வரணும். நல்லா நெறைய வரணும்," என்று அவர் ஃபோனில் சொன்னதைக் கேட்டு மருமகன் அந்தப் பக்கம் சிரித்தது எங்களுக்கே கேட்டது. பண்டிகை சீசன் வேறு. ஒவ்வொரு இடைவேளையும் ஐந்து நிமிஷத்துக்கு நீண்டது. நகை விளம்பரம் ஓடினால் எட்டு ஸ்பூன்கூடப் போகும். "இந்தக் கடைக்காரன் நல்லா இருக்கணும்," என்பார் சுப்பையா, வாய் காலியான பிறகு.

பரிசோதனை அன்று எடை அறுபத்து மூன்று. ஆஸ்பத்திரியில் ஒரு மராத்திப் பெண் அரை டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, நிறுத்தாமல் குடிக்கச் சொன்னாள். சுப்பையா தாடையைத் தாழ்த்திக் குடித்து முடித்தார். இருமல் இல்லை. ஆ சொல்லச் சொன்னாள். சொன்னார். குரலில் ஈரம் இல்லை. பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு மெல்லிய திரவம் கொடுக்கலாம், சின்னச் சின்ன வாயாக, என்று தாளில் எழுதினாள். விசாலாக்ஷி அந்தத் தாளை என்னிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் காப்பி போட்டது அவர்தான். டிகாஷன் இறங்கும்வரை ஃபில்டரின் பக்கத்திலேயே நின்றார். டம்ளரில் முக்கால்தான் ஊற்றினார். நுரையைக்கூட ஊதித் தள்ளிவிட்டுத்தான் கொடுத்தார். ஆறரைக்குப் படம் தொடங்கியிருந்தது. சுப்பையா டம்ளரை வலது கையில் வைத்துக்கொண்டு முதல் விளம்பரம் வரும்வரை பொறுத்தார். வந்ததும் ஒரு வாய். தாடை தாழ்ந்தது. விழுங்கினார். நான் கேட்காமலே ஆ என்றார். இன்னொரு வாய். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"சீனி கம்மி," என்றார்.

விளம்பரம் முடிந்தது. மீசை ஒரு தபால் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் தெருவெல்லாம் ஓடினார். மனைவி பஸ்ஸில் துரத்தினாள். சுப்பையா சிரித்தார், நானும் சிரித்தேன். விசாலாக்ஷி சிரிக்கவில்லை. அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. கையில் கிண்ணம் இல்லை, ஸ்பூன் இல்லை, இருந்தாலும் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து கணவரின் தொண்டைக்குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பையாவின் வலது கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை. இடது கையை மடியிலிருந்து எடுத்தார். அது மெதுவாகத்தான் வரும். ஸ்டூலின் விளிம்பில் ஒருமுறை நின்றது, மனைவியின் தோளில் ஒருமுறை நின்றது. பிறகு இரண்டு விரலால் விசாலாக்ஷியின் முகவாயைப் பிடித்து, முகத்தை டிவி பக்கம் திருப்பி வைத்தார்.