சொல்லுமே

என் மேசையின் வலது ஓரத்தில் ஓர் அரிவாள்மணைப் பலகை இருக்கிறது. கத்தியைக் கழற்றிய துளை அப்படியே தெரியும். அதன் பக்கத்தில் தந்தி அடிக்கும் மோர்ஸ் கீயைத் திருகி இறுக்கியவர் அண்ணி. கீ லேசானது, அடிக்க அடிக்க மேசையில் நகர்ந்துகொண்டே போகும். இந்தப் பலகையின் கனத்தில் நகராது. மழைக்காலத்தில் இன்றும் அதில் மீன் வாசனை வரும்.

ராயபுரத்தில் தண்ணீர் நின்று செல்போன்கள் செத்துப்போன ஒரு வாரத்தில், சொந்தமாக வானொலி வைத்துப் பேசும் ஹாம் வானொலிக்காரர்கள் எங்கள் தெருமுனையில் கம்பி கட்டிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணூரில் தன் அம்மா பத்திரமாக இருக்கிறார் என்று அண்ணிக்கு அவர்கள் வழியாகத்தான் தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும், "நாமளும் கத்துக்கலாம்மே, போனு இல்லாங்காட்டியும் பேசலாம்ல" என்றார். இருவரும் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பித்தோம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எழுத்துகளைப் புள்ளி, கோடு என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒலி கேட்டால் மனத்துக்குள் எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். அண்ணி எண்ணவில்லை, ஒலியைப் பேச்சாக்கினார். குட்டை, நீளம் என்றால் 'இதோ': அது ஏ. இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை என்றால் 'இது யாரு': அது எஃப். நீளம், குட்டை, நீளம் 'சொல்லுமே': அது கே. நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்பதற்கு வானொலியில் அடிப்பதும் அதே கேதான். ஒலியும் பொருளும் இப்படிப் பொருந்திவிட்டதில் அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போடுவார். "மீன் ஆயற பலகைல இன்னாத்துக்கு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு கீறீங்க? சோறாக்கணுமா, தந்தி அடிக்கணுமா?"

"சோறு தந்தில வராதா அத்த?" என்பார் அண்ணி.

ஒரு பிழை மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை. கேயின் கடைசிக் கோட்டை இழுத்துவிடுவார்.

"பரீட்சையில மார்க் போயிடும் அண்ணி."

"கூப்புடறப்ப கொரல அறுத்தாப்ல நிறுத்துனா எவ வருவா? மேஏன்னு இழுத்தாதான்மே திரும்பிப் பாப்பா."

அண்ணனும் அண்ணியும் பிரிந்ததற்கான காரணங்களை என்னால் வரிசைப்படுத்த முடியும். அவை இங்கே தேவையில்லை. தேர்வுக்குச் சற்று முன்பு அண்ணி எண்ணூருக்குப் போய்விட்டார். பலகையைக் கேட்கவில்லை. பிறகு அவருடைய போன் எண்ணும் மாறிவிட்டது. நான் மட்டும் தேர்வுக்குப் போனேன், தேறினேன். விவாகரத்துக்குப் பின் அம்மா அவரை 'அந்தப் பொண்ணு' என்கிறார். அண்ணன் பேச்சை மாற்றிவிடுகிறான். எனக்கு அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. தேடிப் போனால், எந்த உறவில் போய் நிற்பது என்பதும் தெரியவில்லை. அதனால் போகவில்லை.

போன ஞாயிறு காலை, நாற்பது மீட்டர் அலையில் யாரோ பொது அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்பு கேட்டிராத அழைப்புக் குறி, புதிதாக உரிமம் வாங்கியவருடையது. முடிவில் கே வந்தது. கடைசிக் கோடு நீண்டுகொண்டே போனது.

பதில் அடித்தேன். இத்தகைய உரையாடலுக்கு ஒரு வரிசை உண்டு: சிக்னலின் தரம், பெயர், ஊர். எனக்கு அந்த வரிசை பிடிக்கும். சங்கடமான எதையும் சொல்லாமலே முடித்துவிடலாம். என் பெயரையும் ராயபுரத்தையும் அடித்தேன். பிறகு தரம் வந்தது, பெயர் வந்தது, எண்ணூர் என்று வந்தது. அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முறைப்படி, இப்போது அந்தப் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்து நான் முடிக்க வேண்டும். கை கீயின் மேல் இருந்தது. அண்ணி என்பது ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, எல்லாமே இரண்டு தட்டில் முடிபவை. அதை அடித்தேன். கே அடித்தேன்.

இரைச்சல் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று குமிழைத் தொடப் போனேன். அப்போது வந்தது, ஒரே ஓர் எழுத்து. நீளம், குட்டை, நீளம். அந்தக் கடைசி நீளம் நிற்கவே இல்லை.

பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.