பங்குக் கிணற்றில் மூன்றாவது உருட்டு

இது நடந்ததுதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இண்டூர்ப் பக்கம் அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது.

1942, சித்திரை மாதம். கருப்பி புருஷனை இழந்தவள். அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம் ராகி வயலும், கொழுந்தன் மாதையனோடு ஒரு பங்குக் கிணறும். பயிர் காய்ந்தால் அவள் நிலத்தை விட்டுவிட்டுத் தாய்வீடு போய்ச் சேரவேண்டும் என்று அவன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டான். அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் ஒருவருக்குத்தான் தேறும். தினமும் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஒன்று, அதாவது தாயம், யாருக்கு முதலில் விழுகிறதோ அவர்கள் மாடு பூட்டி இறைத்துக்கொள்ளலாம்.

எப்போதும் மாதையனுக்கே விழுந்தது. மண் தரையில் அவன் கட்டையை உருட்டவில்லை, வழுக்க விட்டான். பாயில் போட்டால் புரளாமலே நின்றது. முறத்தில் போட்டால் துள்ளி வெளியே ஓடியது. கருப்பிக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்துக் கரட்டுக் குன்றின்மேல் ஏறி, மழமழவென்று கிடந்த ஒரு பலகைக்கல்லைப் பெயர்த்துத் தலையில் சுமந்து வந்தாள். கிணற்று மேட்டில் போட்டாள். இனி எவன் ஏமாற்றுகிறான், பார்ப்போம் என்றிருந்தது அவளுக்கு.

உச்சி வெயில். மணி பன்னிரண்டு.

மாதையன் உருட்டினான். மூன்று. பித்தளைக் கட்டை கல்லில் பட்டும் சத்தமே வரவில்லை.

கருப்பி உருட்டினாள். ஐந்து. அப்போதும் சத்தமில்லை...

யாரும் கட்டையைத் தொடவில்லை.

கிணிங்...

தானாகப் புரண்டது.

கிணிங்... கிணிங்...

தாயம்.

காற்று என்றான் மாதையன். ஓர் இலைகூட அசையவில்லை. தன் முறையில் விழுந்த தாயம் என்று சொல்லி அவசரமாக மாட்டைப் பூட்டி ஓட்டினான். தண்ணீர் மொள்ளும் சால் காலியாக மேலே வந்தது. மறுபடி இறக்கினான். மறுபடியும் காலி. கீழே தண்ணீர் பளபளவென்று தெரிந்தது.

மடக்... மடக்...

உள்ளே யாரோ குடித்தார்கள்.

மாதையன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான்.

கருப்பிக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. கட்டையைப் பொறுக்கினாள். அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது.

"செத்தவங்களுக்கு எதுக்குத் தண்ணி? எம்பயிரு சாவுது. மறுக்கா உருட்டறேன், பாத்துக்கோ."

உருட்டினாள்.

தாயம்.

குடிக்கும் சத்தம் நின்றது. அடுத்த சால் தளும்பிக்கொண்டு வந்தது. சாயங்காலம்வரை இறைத்தாள். மாதையன் அதற்கப்புறம் முறை கேட்டு வரவேயில்லை.

மறுநாள் ஆடு மேய்க்கும் ஆண்டி வந்தான். அவள் கல் பெயர்த்த இடத்தில் ஒரு குழி திறந்து கிடக்கிறதாம். தாது வருஷப் பஞ்சத்தில் தண்ணீர் தண்ணீர் என்று செத்தவர்களைப் போட்டு மூடிய குழி என்று அவன் அப்பன் சொல்லியிருக்கிறான். குழி வாயிலிருந்து கிணற்றுப் பக்கமாக ஈரக் காலடி போயிருந்ததாம். திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லையாம்.

"எத்தினி பெரிய காலு?" என்று கேட்டாள் கருப்பி.

ஆண்டி இரண்டு விரலை அகட்டிக் காட்டினான். ஒரு சாண்கூட இல்லை.

கருப்பி குடத்தை நிரப்பிக் கிணற்று மேட்டில் வைத்தாள்.

"எந்தண்ணியில ஒரு கொடம் தர்றேன், கண்ணு," என்றாள். "மொறைய மட்டும் தரமாட்டேன்."