காலியாக விட்ட மூலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வடுகபட்டிச் சடுகுடு அணியோடு சுருளிப்பட்டிக்கு ஆடப் போயிருந்தேன். நாங்கள் ஏழு பேர். அவர்கள் ஆறு பேர்தான். இடது மூலையில் ஆள் இல்லை. முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டுவிட்ட அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர் நின்ற இடமாம். அவருக்கு மரியாதையாக அங்கே இனி யாரையும் நிறுத்துவதில்லையாம்.

அந்த மனிதர் கோட்டுக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் அகலம். ஒரு கால் மட்டும் சூம்பியிருந்தது. யார் பாடிக்கொண்டு உள்ளே போனாலும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். போனவன் திரும்பிய பிறகுதான் விடுவார்.

அந்தக் காலி மூலை வழியாகவே புகுந்து நான் மூன்று பேரைத் தொட்டு வந்தேன். ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய், “இப்படி ஒரு மரியாதை யாருக்குண்ணே கிடைக்கும்?” என்றேன்.

“மரியாதைதான் தம்பி. ஆனா ஒவ்வொரு ஆட்டத்துலயும் நான்தான தோக்குறேன். அங்கன ஒரு ஆளை நிறுத்துங்கடான்னா கேக்க மாட்டேங்கிறானுக. வெளியூர்க்காரக, நீங்க சொல்லிப் பாருங்க.”

சொன்னேன். “அவுக பெரிய மனசு, அப்படித்தான் சொல்லுவாக” என்று சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டும் போனோம். மூலை காலியாகவே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மறுபக்கமாகப் போய்ப் பிடிபட்டேன். ஊரே ஆர்ப்பரித்தது.

அவர் மட்டும் பிடித்திருந்த மூச்சை மெல்ல விட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நானும் அந்த மூலையைக் காலியாக விட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.