படுத்துக்கொண்டே துப்பறிந்த எருமை

நன்றாக ஆரம்பித்துப் பாதியில் கெட்டுப்போன கார்ட்டூன் தொடர்களைப் பற்றி யாராவது என்னிடம் பேச்சுக் கொடுத்தால் அவ்வளவுதான், அவர்களுக்கு அன்றைய வேலை நடக்காது. முதல் எட்டு வாரம் விண்வெளியில் பறந்துகொண்டிருந்த கதாநாயகி ஒன்பதாவது வாரம் காரணமே இல்லாமல் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் வந்து நிற்பாள். வில்லன் யாரென்று சொல்லாமலேயே தொடரை முடித்துவிடுவார்கள். காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி லிஃப்டுக்குள், நாற்பதை எட்டப் போகிற ஒரு பெண்மணி பொம்மை டிராகன் ஒன்றுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி அடுத்த வீட்டுக்காரரிடம் கொதித்துக்கொண்டிருந்தால் அது நான்தான். என் கணவர் அந்த நேரத்தில் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவார்.

உண்மையில் இப்படிக் கோபப்பட எனக்கு உரிமையே கிடையாது. அப்படி ஒரு தொடரைக் கெடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி.

தென்காசிப் பக்கம் பிறந்து, மென்பொருள் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள் நான். அந்த வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் கதை எழுதச் சேர்ந்தேன். மொத்தம் ஒன்பது பேர். இடப்பக்கம் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனி, வலப்பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி. பிரஸ் ஓடும்போது எங்கள் மேஜையில் இருக்கிற பேனாக்கள் தானாக நடந்து கீழே விழும்.

அங்கேதான் எங்கள் எருமை பிறந்தது. அது துப்பறியும் எருமை. ஆவடிக்குப் பக்கத்தில் ஓர் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நாள் முழுக்கப் படுத்திருக்கும். தெருவில் மோட்டார் காணாமல் போனாலும், கோயில் உண்டியல் காணாமல் போனாலும், ஊர்க்காரர்கள் கரையில் வந்து நின்று புலம்புவார்கள். எருமை எழுந்திருக்காது, ஓடாது, யாரையும் துரத்தாது. அசைபோட்டுக்கொண்டே கேள்வி கேட்டுத் திருடனைப் பிடித்துவிடும். இந்த யோசனை எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற மிருகத்தை வரைய ஆள் வேண்டும். படுத்திருக்கிற எருமைக்கு வாயும் காதும் அசைந்தால் போதும்.

ஆனால் வாய் மட்டும்தான் அசைகிறது என்றால் அந்த வாயிலிருந்து வருகிற குரல் எப்படி இருக்க வேண்டும்? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வந்த கலைஞர்கள் எல்லாம் எருமை என்றதும் தொண்டையை இறுக்கிக்கொண்டு, பேய்ப் படத்துக்குப் பேசுகிற மாதிரி பேசினார்கள். ஒரு நாள் அப்படி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவரும் அக்கா தம்ளர்களைப் பொறுக்க வந்தார். நின்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எரும இப்டியா கண்ணு பேசும்? எங்க ஊட்ல ரெண்டு கீது, அதுங்க யாருக்கும் பயந்து பேசாது" என்றார்.

அக்காவுக்கு வெள்ளானூர். கணவர் வீட்டார் அங்கே தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். நிலத்தில் பாதி மனையாகிவிட்டது, மீதியில் இரண்டு எருமை மேய்கிறது. அந்தப் பாலில் டீ போட்டு எஸ்டேட்டில் விற்கிறார். அவர் குரல் எப்படிப்பட்டது என்றால், தெருமுனையில் "டீ" என்றால் இங்கே மூன்றாவது கம்பெனியில் ஆட்கள் எழுந்திருப்பார்கள். கரகரவென்று, அவசரமே இல்லாமல், எதிராளி ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒரு குரல். அன்றே மைக் முன்னால் உட்கார வைத்தோம். முதல் வரியைச் சொன்னார். படம் வரைகிற பையன்கள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த நாலு மாதம் போல் ஒரு காலம் எனக்கு வந்ததில்லை. பக்கத்துப் பிரஸ் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணிதான் எங்களுக்கு நிசப்தம். நாங்கள் யாரும் அப்போது சாப்பிட மாட்டோம். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சாமான் அறைக்குள் அக்காவும் நானும் ஓடுவோம். அவர் காகிதத்தைப் பார்த்துப் படிக்க மாட்டார். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவேன், அவர் அதைத் தன் பேச்சுக்கு மாற்றி, தலையை ஆட்டி மனப்பாடம் செய்துகொண்டு பேசுவார். பிரஸ் மறுபடி ஆரம்பித்து டம்மென்று ஓர் அடி விழுந்தால் பாதி வரி பாழ். மறுநாள் முதலிலிருந்து பேச வேண்டும். தொடரின் பதின்மூன்று கதையும் அவருக்குத் தலைகீழாகப் பாடம். எருமை வசனம் மட்டுமில்லை, அதனிடம் வந்து புலம்புகிற ஊர்க்காரன் வசனமும் சேர்த்து.

எங்கள் தொழிலில் குரல்தான் முன்னால் வரும், படம் பின்னால். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்தச் சொல்லுக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்து வரைவார்கள். அக்கா "இன்னா" என்று சொல்லும்போது கீழுதடு கொஞ்சம் கோணும். எருமைக்கும் அப்படியே கோணியது.

அக்காவுக்கு இதில் ஒரே ஒரு ஆசை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் குரலை நாத்தனார் கேலி செய்துகொண்டிருந்தாராம். பெண் பேசுகிற மாதிரியா இருக்கிறது, எருமை கத்துகிற மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லுவாராம். இருபது வருஷமாக விசேஷ வீடுகளில் அக்கா வாயை மூடிக்கொண்டு பந்தி பரிமாறியிருக்கிறார். இப்போது அந்த எருமைக் குரல்தான் வேண்டும் என்று மைக் வைத்துப் பிடிக்கிறார்கள். அதை நாத்தனார் டிவியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லும்போது அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு சேனல்காரர் வந்தார். குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளர், நல்ல மனிதர்தான், எல்லாவற்றையும் புன்னகையோடு கெடுத்தார். கறுப்பு எருமை புத்தகப்பையில் அச்சடித்தால் எடுக்காது என்றார். ஊதா நிறம் ஆக்கினோம். கொம்பு குழந்தைகளைக் குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். கொம்பை உருட்டி இரண்டு பன்னு மாதிரி வைத்தோம். ஏரித் தண்ணீர் அழுக்காகத் தெரிகிறது என்றார். நீச்சல் குளமாக்கினோம், குளத்துக்குக் குடையும் வைத்தோம். எங்கள் முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, சேனல்காரர் போன பிறகு என் முன்னால் தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் ஊதா எருமையைப் பார்த்து என் பெண், "அம்மா, இந்த நீர்யானைக்கு என்ன உடம்பு?" என்று கேட்டாள்.

கடைசியாகத்தான் அந்த இடி. எல்லா மாவட்டத்துக் குழந்தைகளுக்கும் புரியும்படி எருமை பேச வேண்டுமாம், அக்காவின் பேச்சு புரியாதாம். வேறு ஓர் அம்மாவை வைத்து, அவர்களே பேச வைத்துக்கொள்வார்களாம். பேசியும் விட்டார்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய குரல், ஒவ்வொரு வரியிலும் "குட்டீஸ்" என்று ஒரு கொஞ்சல். வாயைத் திரும்ப வரைய நேரம் இல்லை. அக்காவின் குரலுக்கு வரைந்த வாய் அப்படியே இருக்க, அதன் மேல் இந்தக் குரலை ஒட்டிவிட்டார்கள். எருமை வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தது.

முதலாளி, அக்காவிடம் நீயே சொல்லிவிடு, உன்னிடம்தான் அவருக்கு ஒட்டுதல் என்றார். சரி என்றேன்.

ஒளிபரப்புக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் சொல்லப் போனேன். முதல் நாள் அக்கா எனக்கு மட்டும் பாலேடு போட்டு டீ கொடுத்தார், சொல்லவில்லை. இன்னொரு நாள், வாசலில் டிவி வைக்கத் தம்பி வயர் இழுத்துவிட்டான் என்றார், அன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "அக்கா" என்று ஆரம்பித்தேன். நாத்தனாருக்குத் திருவள்ளூரிலிருந்து வர வண்டி ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றார். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அப்படி ஒரு கோழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். குமணன்சாவடி சிக்னலில் வழக்கம்போல எல்லாரும் எல்லாப் பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லி தாண்டி, ஆவடி தாண்டி, நான் வெள்ளானூர் போய்ச் சேர்ந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பந்தல். ஐம்பது பேர் இருப்பார்கள். அக்கா பட்டுப்புடவையில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய் முதல் வரிசையில் உட்கார வைத்து, கையில் கேசரித் தட்டைத் திணித்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் நாத்தனார்.

டைட்டில் பாட்டு முடிந்தது. குடைக்குக் கீழே ஊதா எருமை. வாயைத் திறந்தது. "ஹாய் குட்டீஸ், இன்னைக்கு என்ன பிரச்சனை?"

பின்னாலிருந்து ஒரு குழந்தை, வாய் ஒன்று பேசுகிறது, சத்தம் வேறு வருகிறது என்றது. நாத்தனார் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்து, "இது யாரு கொரலு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா என்னைப் பார்த்தார். நான் கேசரியில் முந்திரி தேடினேன்.

அக்கா தன் தம்பி கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தை மட்டும் நிறுத்தினார். டிவிக்குப் பக்கத்தில் போய், ஜனங்களைப் பார்த்து நின்றார்.

"தோ பாரு நைனா," என்று ஆரம்பித்தார். "நான் எழுந்துகினா கேசு முட்ஞ்சிடும். அதான் படுத்துகினே யோசிக்கிறேன். உன் மோட்டார யாரு தூக்கிகினு போனாங்கன்னு நீயே சொல்லப் போற, இரு."

எருமையின் வாய் அந்தச் சொற்களுக்கு அப்படியே திறந்து மூடியது. கீழுதடு சரியான இடத்தில் கோணியது. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பந்தல் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அக்கா நிறுத்தவில்லை. ஊர்க்காரனாகப் புலம்பினார், திருடனாகத் திணறினார், மறுபடி எருமையாகி அவனை நார்நாராகக் கிழித்தார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு வரி முந்தவில்லை, ஒரு வரி பிந்தவில்லை. நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது, அதற்கும் எருமைக் குரலிலேயே பேசினார். ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். நான் கேசரியைச் சிந்திவிட்டு, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொடர் எப்படி இருக்க வேண்டும் என்று நாலு மாதம் நினைத்தோமோ, அன்று அந்த வாசலில் அப்படி இருந்தது. ஊதா நிறமும் குடையும்கூட யார் கண்ணிலும் படவில்லை. நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

எல்லாரும் கலைந்த பிறகு நான் அக்காவிடம் போனேன். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"தெரிஞ்சிகினே சொல்லாம வுட்டுட்ட, இல்ல?"

ஆமாம் என்றேன். பத்து நாளாகச் சொல்லப் பார்த்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நானும் அடுக்கினேன். மறுநாள் எனக்கு வந்த டீயில் ஏடு இல்லை. நியாயம்தான்.

டிவியில் தொடர் ஆறு வாரம் ஓடியது. வாய் ஒட்டவில்லை, கதை புரியவில்லை, நீர்யானை ஏன் துப்பறிகிறது என்று பெற்றோர்கள் எழுதினார்கள். ஏழாவது வாரம் அந்த நேரத்தில் வெளிநாட்டுப் பூனை ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. முதலாளி என்னை உட்கார வைத்து, நல்ல தொடர், கொடுத்து வைக்கவில்லை என்றார். நான் வழக்கம்போல் கொதிக்க ஆரம்பிக்கும்போது போன் வந்தது. அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் டீயைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசாதவர் அவர். இப்போதும் சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை.

"வாரா வாரம் வாசல்ல ஆறு கதைக்கும் நானே பேசிட்டேன். மிச்சம் ஏழு கத உங்க கம்பூட்டர்ல தான கீது? எட்த்துகினு வா. சத்தம் வேணாம், படம் மட்டும் போதும். எங்க நாத்தனார் ஊருக்கே போகாம, அடுத்தது இன்னா அடுத்தது இன்னான்னு என் உயிர வாங்கினு கீறா."