ஜன்னலில் கட்டிய நண்டு வலை

தலைப்பிரசவம் முடிந்து, கோவில்பத்தில் அம்மா வீட்டு மாடி அறைக்குள் நான் போய்ப் படுத்தது சித்திரை மாதம். பெண் குழந்தை. மூன்று மாதம் முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் தீர்ப்பு. படி இறங்கக்கூடாது, குனியக்கூடாது, போனை நோண்டக்கூடாது, ஏ.சி. கூடவே கூடாது. "பச்ச ஒடம்புக்கும் பச்சப் புள்ளைக்கும் அந்தக் காத்து ஆவாதுடி" என்று ரிமோட்டையே எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் பூட்டிவிட்டாள். திருச்சியில் ஆபீஸ், வண்டி, மீட்டிங் என்று சுற்றிக்கொண்டிருந்தவள் நான். இங்கே ஒரு தம்ளர் வெந்நீருக்குக்கூட மேலிருந்து குரல் கொடுக்க வேண்டியிருந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

அறைக்கு ஒரே ஜன்னல். உள்பக்கம் பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கண்ணாடி, அதற்கு வெளியே இரும்புக் கம்பி, அதற்குக் கீழே தரைத்தள ஜன்னலின் சன்ஷேடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடல் காற்று அந்த வழியாக வரும். வர வேண்டும். ஆனால் கண்ணாடியைத் திறக்க முடியாது. காரணம் குரங்கு.

எங்கள் தெருவுக்குக் குரங்குகள் எப்படி வந்தன என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். வடித்த சோற்றில் ஒரு கைப்பிடியைக் காக்காய்க்கு வைக்காமல் அம்மா யாருக்கும் இலை போடமாட்டாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, காக்காயைக் கூப்பிட்டுவிட்டு, அது வந்து வாய் வைக்கும்வரை நிற்பாள். ஒரு சனிக்கிழமை காக்காய்க்கு முன்னால் குரங்கு ஒன்று வந்து அள்ளித் தின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆஞ்சநேயரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை சோற்றோடு இரண்டு வாழைப்பழமும் வைத்தாள். அதற்கடுத்த வாரம் கூட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது. பழம் கிடைக்காத நாட்களில் தண்ணீர்த்தொட்டி மூடி, கேபிள் ஒயர், காயப்போட்ட என் நைட்டி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் பிய்த்துப்போட்டன.

நான் வந்த இரண்டாவது வாரம், குட்டிக் குரங்கு ஒன்று ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து கட்டிலில் குதித்தது. என் மகள் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் கீழே இருந்த அப்பா செருப்போடு மாடி ஏறி வந்தார். அன்றோடு கண்ணாடியைச் சாத்தித் தாழ் போட்டாயிற்று. அதன்பிறகு அந்த அறை அறையாகவே இல்லை. மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அடித்தது. கரண்ட் போனால் அதுவும் கிடையாது. குழந்தைக்குக் கழுத்து, முதுகு, தொடை இடுக்கு எல்லாம் வேர்க்குரு. அது வீறிட்டு அழும். நானும் கூடச் சேர்ந்து அழுவேன். ஓர் ஆள் என்னை உள்ளே தள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன். இங்கே யாரைத் திட்டுவது?

அப்பா வனத்துறைக்குப் போன் போட்டார். நாலைந்து நாள் கழித்து ஒருவர் வந்து மாடியைச் சுற்றிப் பார்த்தார்.

"புடிச்சுக்கிட்டுப் போலாங்க சார். எங்க கொண்டுபோயி விடுறது? வேற ஊர்லதான் விடணும். அந்த ஊர்க்காரங்க புடிச்சு இஞ்ச கொண்டாந்து விடுவாங்க. இதுங்களே அப்பிடி வந்ததா இருக்கும்" என்றார். கிளம்பும்போது கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்துவிட்டார். "மொதல்ல சோறு வைக்கிறத நிறுத்துங்கம்மா."

"காக்காவுக்கு வைக்காம எப்பிடிங்க சாப்புடுறது?" என்றாள் அம்மா. அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வலை யோசனை அம்மாவுடையது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. எனக்குப் பால் சுரக்க வேண்டும் என்று பால்சுறா கொண்டுவந்து கொடுப்பார். அம்மா அதைப் புட்டாக உதிர்த்து, பூண்டை அள்ளிப்போட்டு, மூன்று வேளையும் என் வாயில் திணிப்பாள். அவரிடம் பழைய வலை இருந்தால் ஒரு துண்டு வேண்டும், ஜன்னலில் கட்டிவிட்டால் கண்ணாடியைத் திறந்து வைக்கலாம் என்று அம்மா கேட்டாள். இரண்டாம் நாளே மீன் கூடைக்கு மேல் வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தையைப் பார்க்க மாடிக்கும் வந்தார்.

"இது நண்டு வலைக்கா. வூட்ல கெடந்தது இதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். "எது பட்டாலும் சுத்திக்கும், உருவிக்க முடியாது. ராத்திரி கடல்ல போட்டா விடியக்காலம் போயி எடுத்துருவாங்க, அப்பிடியே வுட்டு வைக்க மாட்டாங்க. ஆளு இருக்கயில கட்டுங்க. இல்லாதப்ப அவுத்து வச்சுருங்க."

"ஆளு எங்க போவுது? இவதான் மூணு மாசம் இஞ்சயே கெடக்கப் போறாளே" என்றாள் அம்மா. நானும் சிரித்தேன். எனக்குக் காற்று வந்தால் போதும்.

அப்பா கம்பிக்கு வெளியே, சன்ஷேடை ஒட்டி, வலையை இழுத்துக் கட்டினார். அன்று மத்தியானம் கண்ணாடியைத் தள்ளியதும் உப்புக் காற்று உள்ளே வந்தது. குழந்தை மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். நானும் தூங்கினேன். எழுந்தபோது மீன்கார அக்காவுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. குரங்குகள் வந்து வலையைத் தொட்டுப் பார்த்தன, இழுத்துப் பார்த்தன, அலுத்துப் போய்விட்டன. வேர்க்குரு வாட ஆரம்பித்தது. வலையை அவிழ்க்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

குழந்தைக்கு நாற்பத்தெட்டாம் நாள். நெரவியில் அப்பாவின் தங்கை வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் முறை, போகாமல் இருக்க முடியாது. "ஒரு மணி நேரத்துல வந்துர்றோம், கதவத் தாழ் போட்டுக்க" என்று சொல்லி, அம்மாவை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். காலை ஒன்பதரை இருக்கும்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் கீச்சென்று சத்தம். கிலுகிலுப்பையைத் தூக்கிப் போனதே, அந்த அளவுக் குட்டிதான். அதேதானா என்று தெரியாது. வலைக்குள் ஒரு கையை விட்டிருக்கிறது. உருவப் பார்த்துத் தலையையும் விட்டிருக்கிறது. நான் பார்க்கும்போது கழுத்தில் இரண்டு மூன்று இழை சுற்றியிருந்தது. கால் சன்ஷேடைத் தொடாமல் உதைத்துக்கொண்டிருந்தது.

தாய்க் குரங்கு பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கையாலும் வலையைப் பிடித்து இழுத்தது. அது இழுக்க இழுக்கக் கழுத்து இழை இறுகியது. இழுக்காதே, இழுக்காதே என்று நான் கத்தினேன். அதற்கு என் பேச்சு புரியுமா என்ன?

அலமாரியில் குழந்தைத் துணிக்கு நாடா வெட்டுகிற கத்திரிக்கோல் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி திறந்துதான் கிடந்தது. கம்பிக்கு நடுவே கையை நீட்டினேன். முழங்கை வரை போனது. கைப் பக்கம் இருந்த ஓர் இழையை வெட்டினேன், இன்னொன்றை வெட்டினேன். குட்டியின் கை தொங்கியது. கழுத்துக்குப் போக வேண்டும். அப்போது தாய் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

அலறி, கையை உள்ளே உருவி, கண்ணாடியை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டேன். எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில். கட்டிலில் வந்து உட்கார்ந்து பார்த்தால் கத்திரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே நாலடிகூட இல்லை. கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும்தான் மனசில் ஓடியது. ஊசி போடுவார்கள். பால் கொடுக்கக்கூடாது என்பார்கள். இந்தப் பச்சைக் குழந்தைக்கு என்ன கொடுப்பேன்? அப்பாவுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கியில் அவருக்கு எங்கே கேட்கும்? கீழே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி திறந்திருக்கலாம். இதெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றியது, பிறகு தோன்றியதல்ல. ஆனால் எழுந்திருக்கவில்லை.

சத்தத்தில் குழந்தை விழித்து அழுதாள். எடுத்து மடியில் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். ஒரு பக்கம் கொடுத்து, மறு பக்கமும் கொடுத்தேன். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தேன். பின்னால் கீச்சுச் சத்தம் குறைந்து, நின்றுபோனது. நின்றபிறகும் வெகுநேரம் நான் திரும்பவில்லை.

பதினொன்றரைக்கு மேல் வந்தார்கள். ஜன்னலைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"எப்பம்மா மாட்டுச்சு?"

"இப்பத்தாம்ப்பா. அறுத்துவுடலாம்னுதான் போனேன். அது என்னையக் கடிக்க வந்துருச்சு."

அம்மா என் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் ஒன்றும் இல்லை. "நல்ல வேள சாத்துன. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா இந்தப் புள்ள கதி என்னா?" என்று என் தலையைத் தடவினாள். அப்பா மொட்டை மாடியிலிருந்து நீளக் கொம்பில் கத்தியைக் கட்டி வலையின் மேல் முடிச்சுகளை அறுத்தார். வலை சுருண்டு சன்ஷேடில் விழுந்தது. தாய் அதைக் குட்டியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தென்னை மரம் வழியாகப் போய்விட்டது. மூன்று நாள் அந்தத் தெருவில் அதை அப்படியே தூக்கிக்கொண்டு அலைந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போர்வை போடச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் பாவம் வந்துவிட்டதென்று அம்மா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். வாழைப்பழம் நின்றது, காக்காய்ச் சோறு நிற்கவில்லை. அப்பா பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மிச்சக் காலம் ஏ.சி. போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். குழந்தைக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. இதை முதல் வாரமே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதையைக் கேட்டார்கள். நானும் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. தாய்க் குரங்கு பல்லை இளித்துக்கொண்டு பாய்ந்ததாகச் சொன்னேன். போனில் கேட்ட என் வீட்டுக்காரர் பயந்துபோய் அன்றிரவே பஸ் ஏறி வந்துவிட்டார். எல்லாரும் ஒரே மாதிரி, பெற்றவள் வேறென்ன செய்வாள் என்றார்கள்.

அது பல்லைக் காட்டவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தது, இழுத்தது, அவ்வளவுதான். நகம்கூடப் படவில்லை. அதன் மனசில் என்ன இருந்தது என்று சொல்ல நான் யார்? ஆனால் எந்தப் பக்கம் இழுத்தது என்று எனக்குத் தெரியும். கத்திரிக்கோல் பிடித்த என் கையை அது குட்டியின் கழுத்துப் பக்கமாக இழுத்தது.