சம்மந்தி அம்மாவின் நிதானம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும், மறதியும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. என் மகளின் குழந்தைக்குக் காது குத்து. மகளைக் கிருமாம்பாக்கம் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். தோடு தாய்வீட்டுச் சீர். அதாவது என் பொறுப்பு.

அன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் எங்கள் மாடு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழும்வரை நகர முடியவில்லை. வேன் ஏறவே நேரமாகிவிட்டது. நெட்டப்பாக்கம் தாண்டியதும் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பாதி வழியில்தான் மாலையை வீட்டிலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. டிரைவரைத் திட்டினேன், மகனைத் திட்டினேன். கோயிலில் இறங்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

சம்மந்தி அம்மாவுக்கும் அன்று தொல்லை குறைவில்லை. சமையல்காரர் வரவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தூறல் வேறு. ஆனாலும் அவர் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டே, "வாங்க சம்மந்தி, மொதல்ல மோர் குடிங்க" என்றார். தலை கலையவில்லை, முகத்தில் வேர்வைகூட இல்லை.

என் மகள் காதோடு சொன்னாள்: "ஏம்மா இப்பிடி பதறிகினு இருக்கிற? அத்தையப் பாரு, எவ்ளோ நிதானமா இருக்காங்க!"

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. போன் பேசினாலும் அத்தைதான். அத்தைக்குக் கோபமே வராதாம், அத்தை குழம்பு வைத்தால் தெருவே மணக்குமாம். பெற்றவள் நான். கேட்கக் கேட்க வயிறு எரியும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இதை வெளியில் சொல்ல முடியுமா?

அந்த எரிச்சலில்தான் கிளம்பும்போதே ஒரு காரியம் செய்திருந்தேன். தோட்டை நகைக்கடை ரோஸ் காகிதத்தோடு மடித்து, சீர்த் தட்டில் இருந்த பச்சரிசிக்குள் புதைத்துவிட்டேன். சம்மந்தி அம்மா வாங்கிப் பார்த்து நிதானமாக எடுத்துக் கொடுத்து, அதிலும் நல்ல பெயர் வாங்கிவிடக் கூடாது என்று. யாரிடமும் சொல்லவில்லை.

பானை பொங்கியது. குலவை போட்டோம். முதல் அரிசி போடுவது அந்த வீட்டுப் பெரியவளின் உரிமை. சம்மந்தி அம்மா களைந்த அரிசியோடு வந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "நான் போடறேன்" என்று முந்திக்கொண்டு சீர்த் தட்டிலிருந்து மூன்று கை அள்ளிப் போட்டேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று மிச்சத்தைத் தட்டோடு கவிழ்த்தேன். அவர் சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காது குத்தும் ஆசாரி உட்கார்ந்து, "தோடு குடுங்கம்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோடும் அரிசியோடு பானைக்குள் போய்விட்டது.

"யம்மா, தோடு எங்கம்மா? மணி பத்து தாண்டிடுச்சி!" என்றாள் மகள்.

மருமகனின் சித்தி ஒருத்தி, "தட்டு மட்டும் வேன்ல வந்துச்சி. தோடு இன்னா, நடந்து வருதா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். என் மகள் முகம் சுண்டிப் போனது.

சம்மந்தி அம்மா பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். கரண்டி போன இடத்தில் ரோஸ் சாயம் கோடாக ஓடியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆசாரி பக்கம் திரும்பினார்.

"ஆசாரி, உங்க கம்பியாலயே குத்தி வுடுங்க. தோடு சாமிகிட்ட இருக்குது. படையல் முடிஞ்சி போட்டுக்கலாம்."

சாமிகிட்ட என்றதும் அந்தச் சித்திகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராகு காலத்துக்கு முன் காது குத்தியாயிற்று.

சம்மந்தி அம்மா சாயம் பட்ட பொங்கலை மட்டும் வாழையிலையில் வழித்து, "இது சாமி பங்கு, யாரும் தொடாதீங்க" என்று கோயிலுக்குப் பின்னால் எடுத்துப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். இருவரும் குத்துக்காலிட்டு, சூட்டோடு சூடாக விரலால் துழாவினோம். ஒரு தோடு என் கையில் பட்டது. இன்னொன்றை அவர் எடுத்தார். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"உங்களுக்குக்கூட பயமா சம்மந்தி?" என்றேன்.

"வெடியகாலையிலேருந்து வவுறு கலக்கிகினேதான் இருக்குது. நானும் ஆடிட்டா அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஆவும்? அதான் வாய மூடிகினு இருக்கேன்."

'அந்தப் பொண்ணு' என்று அவர் சொன்னது என் மகளை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் உங்களை முந்தணும் என்று கவிழ்த்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் தோட்டைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்து மூடி, "மொதல்ல போய் ஆசாரிகிட்ட குடுங்க. தாய்வூட்டுச் சீரு, உங்க கையாலதான் போவணும்" என்றார். தோடு பானைக்குள் போனது இன்றுவரை என் மகளுக்குத் தெரியாது.

அதோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் கூடிவிட்டது. அவருக்குப் பயமே கிடையாது, அதனால்தான் நிதானமாக இருக்கிறார் என்று முன்பு நினைத்தேன். இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு, என் மகளுக்காக அப்படி நிற்க முடிகிறதே என்றுதான் இப்போது பொறாமை.

ஆசாரி வந்த நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நான் முன்னே பின்னே எழுதியிருக்கலாம். சரிபார்க்க வேறு ஆள் இல்லை, இந்தத் தாளைச் சம்மந்தி அம்மாவிடம்தான் கொடுக்கப் போகிறேன். படித்தால் அன்று நான் சொல்ல வந்து அவர் சொல்லவிடாத விஷயமும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், தப்பு இருந்தால் அவர் கையாலேயே திருத்தட்டும்.