படம் முடிந்து ஒரு வாக்குவாதம்

நெய்வேலி டவுன்ஷிப் மன்றத்தில் பழைய ஹாலிவுட் படம் முடிந்து எல்லோரும் வாசலுக்கு வருகிறோம். பளிங்குப் படிக்கட்டும் பட்டு கவுன்களும் கூட்டம் கூட்டமாக நடனமும் நிறைந்த காதல் நகைச்சுவை. சிதம்பரம் போகிற வழியில் இங்கே இறங்கியிருக்கிறோம். என் கணவர் இந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். படத்துக்கு அழைத்தது அவருடைய பள்ளித் தோழி.

“பாட்டு ஜாஸ்தி,” என்கிறார் ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஒருவர்.

“அந்த கவுனுக்காகவே இன்னொரு தடவ பாக்கலாம்,” என்கிறார் அவர் மனைவி.

கொஞ்சம் தள்ளி என் கணவரும் தோழியும் வாதாடுகிறார்கள். பொய் சொன்ன காதலனைக் கதாநாயகி மன்னித்திருக்கக் கூடாது என்கிறார் இவர். மன்னிக்காவிட்டால் கடைசி நடனம் ஏது என்கிறாள் அவள். இவர் கையை வீசி வீசிப் பேசுகிறார். வீட்டில் எதைக் கேட்டாலும் ‘உன் இஷ்டம்’ என்று முடித்துவிடுகிறவர்.

படம் பார்க்கையில் என் பக்கத்தில் இருந்த, பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்த பெண்மணி, டீ குடித்தபடி அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“புருசன் பொண்டாட்டிங்களா? படத்துல வர்ற ஜோடியாட்டமே சண்ட போட்டுகினு இருக்காங்க.”

“இல்லங்க. அவர் என் வீட்டுக்காரர்.”

“அப்பிடிங்களா,” என்று அவர் கையிலிருக்கும் டீ கிளாஸைப் பார்க்கிறார்.

கணவர் மலர்ந்த முகத்தோடு என்னிடம் வருகிறார். “உனக்குப் படம் பிடிச்சுதா?”

எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது.

“சுத்தமாப் பிடிக்கல,” என்கிறேன். என்னோடும் சண்டைக்கு வருவார் என்று காத்திருக்கிறேன்.

“சரி,” என்கிறார். “கிளம்பலாமா?”